இடப்பக்கம் கால் அங்குலம்

அமுதவள்ளி யாருக்கு அளவெடுத்தாலும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கை தைக்கிற மற்ற கடைகளில் ஒருத்தி டேப்பை இழுத்துப் பிடித்து முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று கூவுவாள், இன்னொருத்தி எழுதுவாள். வரிசையில் காத்திருக்கிற பத்துப் பேருக்கும் அந்த உடம்பு தெரிந்துவிடும். அமுதவள்ளி டேப்பை வைப்பாள், கண்ணால் படிப்பாள், காதில் செருகிய பென்சிலை எடுத்துத் தானே குறித்துக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

இதற்காகவே அவளைத் தேடி வருகிறவர்கள் உண்டு. பிள்ளை பெற்று உடம்பு கலைந்தவர்கள், ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியவர்கள், முதுகு வளையத் தொடங்கிய வயதானவர்கள். கடை ஒன்றும் பெரியதில்லை. பூஜைச் சாமான் கடைக்கு மேலே முதல் மாடியில் ஒரே அறை. இரண்டு மிஷின், ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. கொக்கி கட்டவும் ஓரம் அடிக்கவும் வாணி என்று ஒரு பெண் இருக்கிறாள். இவள் பேசாததையும் சேர்த்து அவள் பேசிவிடுவாள். "அக்கா பிளவுஸுக்கு மட்டுமா கொக்கி வச்சாங்க, தன் வாய்க்கும் வச்சுக்கிட்டாங்க லா" என்று வருகிறவர்களிடம் சொல்வாள். அமுதவள்ளி சிரித்துக்கொண்டே மிஷினை மிதிப்பாள்.

அவள் கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா வேலைக்குப் போக, கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. பதினேழு வயதில் கிள்ளானில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்து எட்டு வருஷம் காலர் மட்டுமே தைத்தாள். காலரில் இடமும் வலமும் ஒரு நூல் பிசகினாலும் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கம் கையில் நின்றுவிட்டது. மற்றவர்கள் மார்பைச் சுற்றி ஒரே இழுப்பில் அளப்பார்கள். இவள் நடுநெஞ்சிலிருந்து இடப்பக்கம் தனியாக, வலப்பக்கம் தனியாக அளப்பாள். யாருக்குமே இரண்டு பக்கமும் சரிசமமாக இருப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொருத்திக்கும் நோட்டில் ஒரு பக்கம், வருஷத்துக்கு ஒரு வரி.

மீனலோசனி டீச்சரின் பக்கத்தில் பதின்மூன்று வரிகள் ஏறியிருந்தன. டீச்சர் யாழ்ப்பாணக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக வந்தவர். அந்த நாளிலிருந்தே பிரிக்ஃபீல்ட்ஸ்தான். முப்பத்து மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் நிலானியோடு அடுக்குமாடியில் இருந்தார். தீபாவளிக்கு நாலு ரவிக்கை, தைப்பூசத்துக்கு ஒன்று. முழங்கை வரை கை, கழுத்து இறக்கம் கிடையாது. இவ்வளவு வருஷத்தில் தையலில் குறை என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அமுதவள்ளிக்கு அவரிடம் பயமும் இருந்தது, பிரியமும் இருந்தது. தன்னைப் "பிள்ளை" என்று அவர் கூப்பிடும்போது, ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கொரோனாவுக்குப் பிறகு கடை திறந்த முதல் தீபாவளிக்கு டீச்சருக்கு அளவெடுத்தபோது இடப்பக்கம் கால் அங்குலம் கூடியிருந்தது. வலப்பக்கம் பழையபடியே. வீட்டுக்குள் அடைந்து கிடந்ததில் எல்லாருக்குமே உடம்பு போட்டிருந்த வருஷம் அது. அவள் இடது முன்பாகத்தை மட்டும் கால் அங்குலம் கூட்டி வெட்டினாள். மார்புக்கு விடுகிற டாட் மடிப்பைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். போட்டுப் பார்த்த டீச்சர் கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்து, கச்சிதம் என்றார். அமுதவள்ளிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த தீபாவளிக்குப் பழைய அளவுக்கு மேல் அரை அங்குலம். அந்தத் தடவை டீச்சர் கொக்கி போன பழைய ரவிக்கைகள் ஆறையும் கொண்டுவந்திருந்தார். கொக்கி மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். அமுதவள்ளி யாரும் கேட்காமலேயே ஆறிலும் இடப்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த துணியை விட்டுத் தைத்துக் கொடுத்தாள். பெரிய மனுஷி, ஒரு பக்கம் பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார். நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைத்தாள்.

மூன்றாம் தீபாவளிக்கு முக்கால் அங்குலம். டேப்பைக் கையில் பிடித்தபடி திரைக்குப் பின்னால் நின்றாள். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். டீச்சர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "என்ன பிள்ளை?" என்றார்.

"கை நீளம் போதுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவள் குனிந்து எழுதினாள்.

சும்மா வந்த கூச்சமில்லை அது. அவளுடைய அக்கா புஷ்பவல்லிக்கு முப்பத்தாறு வயதில் மார்பில் கட்டி வந்தது. ஒரு திங்கட்கிழமை குளிக்கும்போது கையில் பட்டது, வெள்ளிக்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். கூட்டிப்போனவள் அமுதவள்ளி. ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றபோது அக்கா மாட்டேன் என்று அழுதாள். கையைப் பிடித்து, ஒன்றும் ஆகாது, ஒரு நிமிஷம் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தவளும் அவள்தான். பதினோரு மாதம். மருந்து ஏற்றினார்கள், அறுத்தார்கள், திரும்ப மருந்து ஏற்றினார்கள். ஒவ்வொரு மாதமும் நோய் அவர்களுக்கு முன்னாலேயே போய் நின்றது. கருமாதி வீட்டில் சொந்தக்காரர்கள் வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள், சும்மா இருந்ததை ஊசியால் குத்திக் கிளப்பிவிட்டார்கள், இவள் கூட்டிப்போகாமல் இருந்திருந்தால் இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பாள் என்று. அம்மா அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு யார் உடம்பைப் பற்றியும் அமுதவள்ளி வாய் திறந்ததில்லை. தவிர, அவளுக்குத் தெரிந்த அந்த நோய்க்கு ஒரே வேகம்தான், பதினோரு மாதம். டீச்சருக்கு அதுவாக இருந்தால் இரண்டாம் தீபாவளிக்கே வந்திருக்க மாட்டார். மூன்றாம் தீபாவளிக்கு மாடிப்படி ஏறி, மூச்சு வாங்காமல் வந்து நிற்கிறார். ஆகவே இது அது இல்லை. கொழுப்பு, வயசு, ஏதோ ஒன்று. இப்படித்தான் அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் கழித்து நிலானி தனியாகக் கடைக்கு வந்தாள். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி, மெல்லிய பருத்தியில், தளர்வாக நாலு சட்டை வேண்டும் என்றாள். யாருக்கு என்று வாணிதான் கேட்டாள். அம்மாவுக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு போட, என்று சொல்லும்போதே அந்தப் பெண்ணின் முகம் கோணிக்கொண்டது. சர்க்கரை மாத்திரை எடுக்கப் போன கிளினிக்கில் நர்ஸ் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறாள். இடப்பக்கம், நாலு சென்டிமீட்டர். ஊசி குத்திப் பார்த்தாகிவிட்டது, புற்றுநோய்தான். முழு ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

"ஊசியா?" என்றாள் வாணி. "ஊசி பட்டா வேகமாப் பரவிடும்னு சொல்வாங்களே லா."

அமுதவள்ளி அவளைப் பார்த்த பார்வையில் வாணி வாயை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டாராம். அம்மா தெரியாது என்று ஒரே பிடியாகச் சொல்கிறாள் என்றாள் நிலானி. அமுதவள்ளி துணியின் விலையைக்கூடச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டி அனுப்பினாள். அன்றைக்குக் கமுத்தர் என்கிற புறநகர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும் வரைக்கும் கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அந்த நோட்டு இருந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஒரு தடவை வாய் திறந்து அக்காவைக் கொன்றேன், ஒரு தடவை வாய் திறக்காமல் டீச்சரைக் கொன்றேன் என்று தோன்றியது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இத்தனை வருஷமாகப் பிள்ளை என்று கூப்பிட்ட வாயால் இனி என்ன சொல்வாரோ. கிள்ளானுக்குள் பண்டமாரானில் இருக்கிற தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. டாக்டர் கேட்டிருக்கிறார், பதில் இவளிடம் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் தானே தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சட்டை அதற்குள் தைத்தாச்சா என்று கேட்டார். அமுதவள்ளி நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்து, கடைசி மூன்று வரிகளில் விரலை வைத்தாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றாள். "மூணு வருஷமாத் தெரியும்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கால், அரை, முக்கால். கணக்கு வாத்தியார் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. "அந்தப் பழைய சட்டையள்?" என்று கேட்டார்.

"அதையும் பிரிச்சு விட்டேன் டீச்சர். நீங்க கேக்காமலே."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கீழே மோனோரெயில் போகிற சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியும் பிள்ளை," என்றார். "குளிக்கேக்க கையில தட்டுப்பட்டது. நோகேல்லை. சட்டை இறுகினா போய்க் காட்டுவம் எண்டு மனசுக்குள்ள ஒரு கணக்கு வச்சிருந்தன். புதுசும் இறுகேல்லை, பழசும் இறுகேல்லை. அப்ப இது வளரேல்லை எண்டு விட்டிட்டன்."

அமுதவள்ளிக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இறங்கியதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சர் தடுக்கவில்லை. பிறகு தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"காணும். அழுறதெண்டா நானெல்லோ அழவேணும்," என்றார். "நான் படிச்சனான். தொட்டும் பாத்தனான். போகாமல் இருந்தது என்ர பயம். உன்ர தையல் எனக்கு ஒரு சாட்டு. செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட் வருது. இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு நீயும் வா."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். நிலானி ஒரு பக்கம், அமுதவள்ளி ஒரு பக்கம், நடுவில் டீச்சர். டாக்டர் யுகேந்திரன் இளவயதுக்காரர். நோட்டை வாங்கி, தேதிகளைப் பார்த்து, சிரிக்காமல் ஒவ்வொரு வரியாகப் படித்தார். இதுவரை யாரும் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டியதில்லை என்றார்.

பிறகு அவர் ஒரு காகிதத்தில் புள்ளி வைத்து விளக்கினார். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். ஒரு சென்டிமீட்டர் உருண்டை ஆவதற்குள் சுமார் முப்பது தடவை இரட்டித்திருக்கும். கையில் படுகிற நாளில் அது பிறந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

"அப்ப இது கூட்டல் இல்லை, பெருக்கல்," என்றார் டீச்சர். "முப்பது தரம் இரட்டிச்சா நூறு கோடிக்கு மேல வருமே."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். கணக்கு டீச்சர் என்று நிலானி சொன்னாள். அதற்குப் பிறகு அவர் டீச்சரைப் பார்த்தே பேசினார். இரட்டிக்க எடுக்கிற நேரம்தான் எல்லாம் என்றார். சிலதுக்கு ஒரு மாதம் போதும், சிலதுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். அது எந்த வகை, நல்ல செல்லிலிருந்து எவ்வளவு தூரம் மாறிப்போயிருக்கிறது, எதைத் தின்று வளர்கிறது, ரத்தம் எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது அது. டீச்சருக்கு வந்திருப்பது பசை மாதிரி ஒன்றுக்குள் செல்கள் மிதக்கிற வகை. பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், மெதுவாக வளரும். பெண்ணுடம்பில் ஊறுகிற ஹார்மோன்தான் அதற்குத் தீனி. அந்தத் தீனியை மாத்திரையால் நிறுத்தலாம்.

"டேப்பை வச்சு நோயை அளக்க முடியாதுக்கா," என்றார் அமுதவள்ளியிடம். "லேப் சொல்றதைத்தான் நான் நம்பணும். ஆனா ரெண்டும் ஒரே கதையைத்தான் சொல்லுது. மெதுவா வந்திருக்கு."

நிலானி மூச்சு விட்டாள். டாக்டர் அதோடு நிறுத்தவில்லை. மெதுவானதுதானே என்று யாரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது, வெளியிலிருந்து பார்த்து எது மெது, எது வேகம் என்று யாருக்கும் தெரியாது என்றார். முதல் வருஷமே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது முழுதாக எடுக்க வேண்டியிருக்கும். அக்குளில் உள்ள நெறிகளுக்கு, அதாவது நிணநீர்க் கணுக்களுக்கு, போயிருக்கிறதா என்று அறுவையின்போதுதான் தெரியும். இதே மூன்று வருஷம் வேறொரு வகையாக இருந்திருந்தால் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அமுதவள்ளி எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டாள். எழுந்திருக்கும்போது, கதவுக்குப் பக்கத்தில் நின்று, தான் கேட்கலாமா என்று கேட்டாள். அக்காவைச் சொன்னாள். முப்பத்தாறு வயது, திங்கள், வெள்ளி, ஊசி, பதினோரு மாதம். சொந்தக்காரர்கள் பேசியதையும் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நிலானி கேட்டதே இல்லை.

டாக்டர் நாற்காலியைக் காட்டி மறுபடி உட்காரச் சொன்னார். அந்த அக்காவின் காகிதங்களைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் அந்த வயதில் அந்த வேகத்தில் வருவது வேறு ரகம். அது பிறக்கும்போதே வேகத்தோடு பிறந்தது.

"ஊசி வேகத்தைக் கூட்டாது. ஊசி நோயோட பேரைத்தான் சொல்லும்," என்றார். "நாலு நாள்ல கூட்டிட்டு வந்திருக்கீங்க. அதைவிடச் சீக்கிரமா யாராலயும் வர முடியாதுக்கா. நீங்க செஞ்சது சரி."

வெளியே வந்து மருந்துக் கவுன்டருக்குப் போகிற வழியில் அமுதவள்ளி வழியைக் கவனிக்காமல் எதிர்ப்பக்கம் திரும்பினாள். நோயாளி டீச்சர்தான். அவர்தான் இவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போகப் போக மெதுவாகச் சொன்னார், நாலு நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனவளைக் காப்பாற்ற முடியவில்லை, மூன்று வருஷம் ஒளித்த நான் நடந்து போகிறேன், இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று தேடாதே பிள்ளை என்று.

அறுவை மார்ச் கடைசியில் நடந்தது. நெறிகளில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் தையல் பிரித்த பிறகு டீச்சர் கடைத் திரைக்குப் பின்னால் வந்து நின்றபோது இருவரும் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அமுதவள்ளிதான் முதலில் அந்தத் தழும்பைப் பார்த்தாள். மேலே மெல்ல விரலை வைத்து, வலிக்கிறதா டீச்சர் என்று கேட்டாள். கை தூக்கும்போது இழுக்கிறது என்றார். இடப்பக்கம் உள்ளே பருத்தியில் ஒரு பை வைத்து, அதில் பஞ்சு மார்பைச் செருகுகிற மாதிரி வெட்டினாள். அதற்கு மூன்று தடவை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை டீச்சர் பொறுமை இழந்து, என்னைக் கல்யாணத்துக்கா அனுப்பப்போகிறாய் என்று கேட்டார். வாணி கொக்கியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒரு பக்கம் மட்டும் அளவு மாறியிருந்தால் அமுதவள்ளி அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறாள். திரைக்குள் வைத்து, வாணி காதில் விழாமல், போய் ஒரு தடவை காட்டிடுங்கக்கா என்கிறாள். இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஒருத்திக்கு வெறும் கொழுப்புக் கட்டி. ஒருத்தி போய்ப் பார்த்து, சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டு வந்தாள். இன்னொருத்தி உன் வேலையைப் பார் என்று சொல்லிப் போனவள், பிறகு கடைக்கு வரவில்லை.

டீச்சருக்கு இப்போது எழுபத்தொரு வயது. அறுவை முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் ஒரு மாத்திரை, இன்னும் மூன்று வருஷத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். நிலானிக்கு லீவு கிடைக்காத நாளில் அமுதவள்ளி கடையை வாணியிடம் விட்டுவிட்டுக் கூடப் போகிறாள். போன தடவை பார்த்தபோது நோய் எங்கும் இல்லை.